பள்ளியில் பிள்ளைக்குத் தேர்வுச் சலுகை வாங்குவது எப்படி? முதல் கடிதத்திலிருந்து தேர்வறை வரை

என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, "நீங்க கவலைப்படாதீங்க மேடம், பத்தாவது வரட்டும், எல்லாம் பார்த்துக்கலாம்" என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். பத்தாவது வந்தது. சொன்னவர் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். புதிதாக வந்த எச்.எம்.முக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைசி நேரத்தில் அலையோ அலையென்று அலைந்து வாங்கினோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். பார்வை, செவித்திறன், மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று வேறு எதுவாக இருந்தாலும் போகவேண்டிய பாதை ஏறக்குறைய இதுதான்.

படி 1: கையில் எந்தச் சட்டம் இருக்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. 16, 17 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பிரிவு 16 பள்ளியின் கடமையைச் சொல்கிறது. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்; கட்டடமும் வளாகமும் புழங்க ஏதுவாக இருக்க வேண்டும்; அந்தப் பிள்ளைக்கு என்ன மாற்றம் தேவையோ அதைச் செய்து தர வேண்டும்; கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லித்தர வேண்டும். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். "வீட்டில் நீங்கதான் கவனிச்சிருக்கணும்" என்று பெற்றோர் தலையில் கட்டிவிடுகிறார்களே, அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இந்தப் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே "நாங்க பிரைவேட், எங்களுக்கு இது வராது" என்ற பேச்சு எடுபடாது.

பிரிவு 17-இல்தான் தேர்வு விஷயம் வருகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் (பள்ளிகளில் ஸ்க்ரைப் என்றால்தான் உடனே புரியும்), இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு மூன்றும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஊரில் எல்லோரும் இதைச் 'சலுகை' என்கிறார்கள். பழகிப்போனதால் நானும் தலைப்பில் அப்படியே போட்டேன். சட்டத்தின் பெயரில் இருப்பது 'உரிமைகள்'.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் செய்த 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

படி 2: சான்றிதழும் அட்டையும்

தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும். தேர்வுத் துறையிடம் போகும்போது அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ்தான் செல்லும். யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று இருந்தால் போதும். ஒன்றியம் தோறும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அடுத்த மருத்துவ முகாம் எப்போது என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் போனால் வீண் நடை மிச்சம்.

கற்றல் குறைபாட்டுக்கு ஏறக்குறைய 8 வயதிலிருந்துதான் சான்றிதழ் தருவார்கள். வளர வளர மறுபடியும் பரிசோதிக்கச் சொல்வார்கள். எனவே பழைய சான்றிதழை நம்பிப் பத்தாம் வகுப்புக்குள் நுழையாதீர்கள். தேதியைப் பாருங்கள்.

இங்கே நிறைய பேர் மனசு விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழில் குறைபாட்டின் அளவை 40 சதவீதத்துக்குக் கீழே போட்டிருப்பார்கள். "அப்போ ஒண்ணும் கிடைக்காதுங்க" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். அரைகுறை உண்மை அது. இலவசப் புத்தகம், உபகரணம், உயர்கல்வி இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் கணக்கு. ஆனால் விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்பதைக் காரணமாக்கி அவருக்கு மறுக்க முடியாது என்றது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசும், 40-க்குக் கீழே இருந்தாலும் எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென்று போட்டித் தேர்வு வழிகாட்டுதல் வெளியிட்டது. "முடியாது" என்று சொல்கிறவரிடம் இதைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

படி 3: கடிதம்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பேன். நேரில் போய்ப் பேசுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், ஆனால் எழும்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டு எழுங்கள். நீளமாக எழுத வேண்டாம். மகனைப் பற்றிய பெருமை, வருத்தம் எதுவும் வேண்டாம். நான் முதலில் நான்கு பக்கம் எழுதினேன். யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகு எழுதியது ஏறக்குறைய இப்படி:

"பொருள்: 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் – கற்றல் குறைபாடு – வகுப்பு மற்றும் தேர்வு ஏற்பாடுகள் கோருதல் தொடர்பாக.

அம்மையீர், என் மகனுக்குக் கற்றல் குறைபாடு உள்ளதென அரசு மருத்துவக் குழு சான்றளித்துள்ளது. நகல் இணைத்துள்ளேன். கரும்பலகையைப் பார்த்து எழுத அவனுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது. வினாத்தாளைப் படிக்கும்போது வரி மாறிவிடுகிறது. வாய்மொழியாகக் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறான். ஆகவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17-இன்படி, இந்தக் காலாண்டுத் தேர்விலிருந்தே கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் அனுமதிக்கவும், பொதுத்தேர்வுக்கான விண்ணப்பத்தை உரிய நேரத்தில் அனுப்பவும் வேண்டுகிறேன். தங்கள் முடிவை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

அவ்வளவுதான். 'அவனுக்கு வராது' என்று எழுதாமல், எந்த வேலையில் எங்கே தடுக்கிறது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். படிக்கிற ஆசிரியருக்கு என்ன செய்வதென்று அப்போதுதான் தெரியும். காலாண்டிலிருந்தே கேட்பதற்கும் காரணம் உண்டு. பள்ளித் தேர்வுகளில் ஒருமுறைகூடக் கூடுதல் நேரம் எடுக்காத பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் மட்டும் எதற்கு என்று யாராவது கேட்டால் நாம்தான் முழிப்போம்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட முடியாது என்றால் சண்டை போட வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள்.

படி 4: தேர்வுத் துறைக்குப் போகும் வழி

மாநிலப் பாடத்திட்டம் என்றால் விண்ணப்பம் பள்ளி வழியாகக் கல்வி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். சி.பி.எஸ்.இ. என்றால் பள்ளிதான் வாரியத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். இரண்டிலும் நாம் நேரடியாகச் செய்வது ஒன்றுமில்லை. போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நம் வேலை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

மொழிப்பாட விலக்கு கேட்பதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். என் மகனுக்குத் தமிழில் கதை கேட்கவும் சொல்லவும் கொள்ளைப் பிரியம், எழுதத்தான் கை ஓடாது. "விலக்கு வேண்டாம்மா, எழுதுறவங்க இருந்தா போதும்" என்றான். நான் விலக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

படி 5: மறுத்தால்

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் மனு கொடுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளும் உண்டு. பெரும்பாலும் இந்த அளவிலேயே பள்ளியிலிருந்து போன் வந்துவிடும். வரவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை. சம்மன் அனுப்பவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு இருக்கிறது. அவர் தருவது பரிந்துரைதான். ஆனால் அதை ஏற்கவில்லையென்றால் காரணத்தை மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பலர் பார்க்க வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்துவது தனிக்குற்றம்; ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே எடுத்து வீசாதீர்கள். நாளைக்கும் அந்த வகுப்பில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

படி 6: சொல்லிப் பழகுவது

அனுமதி வந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். தப்பு. சொல்லி எழுதவைப்பது தனி வித்தை. முதல் நாள் வீட்டில் என் தங்கையை ஸ்க்ரைப்பாக உட்காரவைத்துப் பார்த்தோம். அவன் விடையைக் கதை மாதிரி ஓட்டிவிட்டான். சித்தி இரண்டாவது வரியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழகினான்: வாக்கியத்தை முடித்து நிறுத்துவது, "புது பத்தி", "அடிக்கோடு" என்று சொல்வது, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்வது. கணக்குதான் கஷ்டம். "அடைப்புக்குறி தொடங்குகிறது, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி முடிகிறது, முழுவதற்கும் வர்க்கம்" என்று சொல்ல வேண்டும். அடைப்புக்குறியைச் சொல்ல மறந்தால் விடையே மாறிவிடும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறையாவது முழு வினாத்தாளை இப்படிச் செய்து பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் மையத்துக்குப் போய் அனுமதி ஆணையின் நகலை முதன்மைக் கண்காணிப்பாளரிடம் காட்டிவிட்டு வாருங்கள். 2021 நீட் தேர்வில் ஒரு மாணவிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உரிமை இருந்தும் மையத்தில் தரவில்லை. உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. ஆனாலும் அவருக்கு மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. அறையிலேயே சரிசெய்ய முடிந்தால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. வழக்கமான நேரம் முடிந்து மணி அடித்ததும் வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், நாற்காலி இழுபடும், விடைத்தாள் கட்டும் சத்தம் கேட்கும். உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்தச் சத்தத்தில் நம் பிள்ளைகள் பதறிப்போய்ப் பேனாவை மூடிவிடுவார்கள். "மணி அடிச்சா தண்ணி குடி, அடுத்த கேள்விக்குப் போ" என்று முன்னாடியே சொல்லிவையுங்கள். என் மகன் முதல் தேர்வில் அந்த மணிக்கே எழுந்துவிட்டானாம். கண்காணிப்பாளர் அம்மாதான் தோளைத் தொட்டு மறுபடியும் உட்காரவைத்திருக்கிறார்.