முதல் வாரமே மனு எழுதுங்கள்

சென்னையில் ஒரு கல்லூரியில் மனித உரிமைப் பாடம் நடத்துகிறேன். முதல் ஆண்டு 'களப்பணி' என்று நாற்பது மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி, நகரத்துக் குடிசைப்பகுதி மக்களை மறுகுடியமர்த்திய கண்ணகி நகருக்கு அழைத்துப் போனேன். எல்லோர் கையிலும் கேள்வித்தாள். மூன்றாவது வீட்டிலிருந்த பாட்டி, "போன வருடமும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். என்ன ஆயிற்று?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும்போது ஒரு மாணவி யாருடனும் பேசவில்லை. அது அவளுடைய அத்தை வாழும் தெரு என்று மறுநாள்தான் தெரிந்தது. வகுப்பிலேயே இருந்தவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது.

ஆகவே இந்தப் பாடத்தைப் புதிதாக எடுத்து நடத்தும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: பார்த்துவிட்டு வருவதற்காகப் போகாதீர்கள், ஒரு வேலையை முடித்துக் கொடுக்கப் போங்கள். முதலில் நீங்கள் மட்டும் போய் அங்குள்ள சங்கத்தினரிடமோ அங்கன்வாடி ஊழியரிடமோ பேசுங்கள். என்ன வேலை என்பதை அவர்கள் சொல்லட்டும். பிறகு நான்கு மாணவர்கள் போனால் போதும். கேமரா வேண்டாம்.

எங்களுக்கு வந்த வேலை சிறியது. வடசென்னையில் ஒரு பெண், ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்து எட்டு மாதம் காத்திருந்தார். மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் அவர் பெயரில் மனு எழுதினார்கள். முதல் வரைவில் "ஏன் தாமதம்?" என்று கோபமாகக் கேட்டிருந்தார்கள். அடித்துவிட்டேன். அலுவலகத்தில் பதிவாகி இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியும். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பது எளிது. "என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, எத்தனை நாள் இருந்தது, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக" என்று மாற்றினோம். நான்கு முறை திருத்தி எழுதினார்கள். அரசு எப்படி இயங்குகிறது என்பதை அந்த நான்கு வரைவுகள் கற்றுத்தந்த அளவுக்கு என் விரிவுரை எதுவும் கற்றுத்தந்ததில்லை. எழுதியதை அந்தப் பெண்ணுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே கையெழுத்து வாங்கினோம்.

இந்த மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. பதில் வர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதனால்தான் பருவத்தின் முதல் வாரமே மனு போக வேண்டும் என்கிறேன். பாடம் முடிந்த பிறகு களப்பணி என்று வைத்தால் பதில் வரும்போது வகுப்பே இருக்காது.

காத்திருக்கும் நாள்களில் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதப் பழக்குங்கள். காவல் நிலையத்தில் அடிபட்டவர், சாதியைச் சொல்லி வீடு மறுக்கப்பட்டவர் என்று கற்பனையான இரண்டு நிகழ்வுகளைக் கொடுங்கள். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பொது ஊழியர் செய்த மீறலையோ அதைத் தடுக்கத் தவறியதையோதான் ஆணையம் விசாரிக்கும். நிகழ்ந்து ஓராண்டு கடந்திருக்கக் கூடாது. வீட்டு உரிமையாளர் மீதான புகார் அங்கே எடுபடாது என்றதும் மாணவர்கள் கொதித்தார்கள். அப்படியானால் அவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று தேடுவதையே அடுத்த வார வேலையாகக் கொடுத்தேன்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அறிக்கையின் பக்கக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். வரைவுகள், அஞ்சல் ரசீது, நாட்குறிப்பு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த மாணவர் இருந்தால் தனியே கேளுங்கள். வர விருப்பமில்லை என்றால் வேறு வேலை கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

எங்கள் மனுவுக்கு 34ஆம் நாள் பதில் வந்தது. கோப்பு ஒரே மேசையில் ஐந்து மாதம் கிடந்திருக்கிறது. மாணவர்கள் அதை எடுத்துப்போய் அந்தப் பெண்ணுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். அசலை அவரிடமே கொடுத்துவிட்டு நகலைத் துறை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. அடுத்த மனுவை இந்த ஆண்டு மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.