பெந்தகோஸ்துக்கு முன் அக்கா வீட்டுக்குப் போவது எப்படி

உயிர்ப்பு ஞாயிற்றை (ஈஸ்டர்) முதல் நாளாக எண்ணினால் ஐம்பதாம் நாள் பெந்தகோஸ்து, தூய ஆவியார் சீடர்கள்மேல் இறங்கி வந்த திருநாள். 2026-இல் அது மே 24. அதற்கு முந்தைய ஒன்பது நாள் செபமான தூய ஆவியார் நவநாள் மே 15 வெள்ளிக்கிழமை தொடங்கி 23 வரை. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் குடும்ப செபத்தோடு இன்னொரு வேலையும் உண்டு: பேச்சு நின்றுபோன ஒருவரிடம் திரும்பப் பேசப் போவது.

பெந்தகோஸ்து அன்று பூசையில் வாசிக்கும் யோவான் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த சீடர்களிடம் இயேசு வருகிறார். ஏன் என்னை விட்டு ஓடினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமைதி உரித்தாகுக என்கிறார், அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியைக் கொடுக்கிறார், உடனே பாவ மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் திருநாளுக்கான சிவப்புச் சேலை, கறிக்குழம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்கு இந்த வேலை.

முதல் நாள் ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரு பெயர் எழுதுங்கள். ஒன்று போதும். மடித்து உங்கள் விவிலியத்துக்குள் வையுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். பிள்ளைகளை, ‘போய் சாரி சொல்லு’ என்று பிடித்துத் தள்ளாதீர்கள். நாம் போவதை அவர்கள் பார்த்தால் போதும்.

அடுத்த சில நாள் கர்த்தர் கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். ‘நாங்கள் பொறுப்பதுபோல’ என்ற இடத்தில் நின்று அந்தப் பெயரை மனதுக்குள் நினையுங்கள். எனக்கு மூன்று நாள் தொண்டை அடைத்தது. நான்காம் நாள்தான் என் பக்கத்துத் தப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதன்பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, போங்கள்.

என் துண்டில் இருந்தது அக்கா. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியால் இரண்டு வருஷம் பேச்சில்லை. எட்டாம் நாள் முந்திரிக்கொத்து செய்தேன். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் பிடித்து, மாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் பொரித்தது, அம்மா கைப்பக்குவம். தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். நீங்களும் தனியாகவே போங்கள், பஞ்சாயத்துக்கு ஆள் கூட்ட வேண்டாம்.

வாசலில் நின்றே சொன்னேன்: “அக்கா, அத்தான் முன்னால ஒன்ன அப்படிப் பேசினது என் தப்பு.” அவ்வளவுதான். ‘ஆனா நீயும்...’ என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள், சொன்னதெல்லாம் பாழாகிவிடும். ‘ஒன்ன மன்னிச்சிட்டேன்’ என்பதும் வேண்டாம், அது எதிராளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பேச்சு. சங்கிலி யாருக்கு என்பதை அன்று பேசவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கிறவர், குடித்துவிட்டு வந்து மிரட்டுகிறவர் என்றால் நேரில் போகாதீர்கள். மன்னிப்பதும் அடியைத் தாங்கிக்கொண்டு கிடப்பதும் வேறு வேறு. செபத்தில் அவரை ஒப்புக்கொடுங்கள், நீங்கள் பத்திரமான இடத்தில் இருங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவரவர் துண்டை அவரவரே எடுத்துவிடலாம். பேச்சு சேராவிட்டால் உள்ளேயே இருக்கட்டும். என்னுடையது இருந்தது. அக்கா அன்றைக்கு வாளியை வாங்கிக்கொண்டு “வை” என்று மட்டும்தான் சொன்னாள். ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது: “ஏட்டி, அந்தக் கொத்துக்கு வெல்லம் எவ்வளவு போட்ட?”