பழைய நான்சி ட்ரூ நூல்களை வாங்குவோரும் படிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்சி ட்ரூ என்னும் துப்பறியும் பெண்ணின் முதல் மூன்று கதைகளை நியூயார்க்கின் கிராஸெட் அண்ட் டன்லப் நிறுவனம் 1930 ஏப்ரலில் வெளியிட்டது. இவற்றின் பழைய பிரதிகளைத் தேடி வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, பதிப்புரிமைப் பக்கத்தில் ‘1930’ என்று கண்டதும் அதை முதற்பதிப்பு என்று நம்பிவிடுவதாகும். பல ஆண்டுகள் கழித்து வந்த மறு அச்சுகளிலும் அதே ஆண்டுதான் இருக்கும். பிரதி எப்போது அச்சானது என்பதை மதிப்பிட, மேலுறையிலும் நூலின் இறுதிப் பக்கங்களிலும் உள்ள விளம்பரப் பட்டியலில் கடைசியாக எந்தக் கதை இடம்பெற்றுள்ளது என்று பார்க்க வேண்டும். 1939இல் வெளிவந்த கதை அதில் இருந்தால் பிரதி அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பட்டியலை உடனுக்குடன் புதுப்பிக்காத அச்சுகளும், ஒரு பிரதியின் மேலுறையை இன்னொன்றுக்குப் போட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது. மஞ்சள் முதுகு கொண்ட பட அட்டையோ 1962இல்தான் வந்தது.

இதைவிடப் பெரிய தவறு, ஒரே தலைப்பில் உள்ளதெல்லாம் ஒரே கதை என்று கொள்வது. 1959 முதல் 1977 வரை முதல் 34 கதைகளும் திருத்தப்பட்டன; 25 அத்தியாயங்கள் 20 ஆகச் சுருங்கின, பதினாறு வயது நான்சி பதினெட்டு வயதினளானாள். 1931இல் வந்த ஷேடோ ராஞ்ச் கதை 1965இல் ஏறக்குறைய வேறொரு கதையாகவே எழுதப்பட்டது. திருத்திய வடிவம் உள்ள மஞ்சள் அட்டைப் பிரதியைப் படித்துவிட்டு 1930களின் பெண் சித்திரிப்பைப் பற்றி முடிவுக்கு வருவது அதனால் பொருந்தாது. பழைய நான்சி துடுக்கும் பிடிவாதமும் மிக்கவள். திருத்தத்தில் அவள் அடக்கமானாள் என்பது என் கருத்து. அதற்காகத் திருத்தம் முழுவதையும் இழப்பென்று சொல்வதும் சரியாகாது. முதற்கதையில் கறுப்பினக் காவலாளியைக் குடிகாரராகக் காட்டிய பகுதியைப் போன்றவற்றை மாற்ற வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தது. ஆனால் கறுப்பின மாந்தரை மதிப்புடன் எழுதுவதற்குப் பதிலாகப் பல இடங்களில் அவர்களையே நீக்கிவிட்டார்கள்.

இந்நூல்களின் ஆசிரியராக அட்டையில் குறிக்கப்படும் கரோலின் கீன் என்றொரு எழுத்தாளர் உண்மையில் இருந்தார் என்று எழுதுவோரும் குறையவில்லை. அது எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரின் எழுத்துக் கூடத்துக்குச் சொந்தமான புனைபெயர். அங்கே கதைச்சுருக்கத்தை ஒருவர் வகுக்க, இன்னொருவர் ஒருமுறைத் தொகை பெற்றுக்கொண்டு நூலாக்கினார். முதல் 30 கதைகளில் 23ஐ மில்ட்ரெட் வர்ட் பென்சன் எழுதினார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது நூலுக்கு 125 டாலர். பிற்காலத் திருத்தங்களை நடத்தியவர் ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ். 1980இல் பதிப்பாளர்களிடையே நடந்த வழக்கில் பென்சன் சாட்சி சொன்ன பிறகே அவருடைய பங்கு வெளியே பரவலாகத் தெரியவந்தது. ஆகவே ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு, எந்தக் கதை, எந்த வடிவம் என்று கேட்டறிந்த பிறகே விடை கூற இயலும்.

இப்போது புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 1930இல் வெளிவந்த நான்கு கதைகளின் மூல வடிவங்கள் 2026 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாயின. அவற்றின் திருத்திய வடிவங்கள் ஆகவில்லை. மின்நூலாக்கவோ மொழிபெயர்க்கவோ விரும்புவோர், கையிலுள்ள பிரதியில் 25 அத்தியாயங்கள் இருக்கின்றனவா, 20 தான் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு, தம் நாட்டுச் சட்டத்தையும் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.