செக்சம் பிழையே இல்லை

பேக்கப் சர்வரில் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு இருந்தும், ராத்திரி கோப்புகள் போகத் தொடங்கினால் ஒரு சிபியு கோர் மட்டும் திணறும். கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூலில் பார்த்தேன்: டிஎக்ஸ் செக்சம் ஆஃப். அதாவது, வெளியே போகும் பாக்கெட்டுக்குப் பிழை கண்டுபிடிக்கும் கூட்டுத்தொகையை (செக்சம்) கார்டே போடும் வசதி அணைந்திருந்தது. அணைத்தவன் நானேதான்! பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் 'செக்சம் தவறு' என்று வரிசையாக வந்ததில் பயந்து செய்த வேலை.

அது பிழையே இல்லை. வசதி ஆனில் இருந்தால் செக்சத்தைக் கார்டு கடைசியில்தான் நிரப்பும். டிசிபிடம்ப் அதற்கு முன்பே பாக்கெட்டைப் பிடித்துவிடுகிறது. அந்தச் செக்சம் வசதியை அணைத்தால், பெரிய தரவைக் கார்டே நறுக்கும் டிஎஸ்ஓ வசதியையும் லினக்ஸ் சேர்த்து அணைத்துவிடும். டிஎஸ்ஓ இருந்தால் லினக்ஸின் மையமான கர்னல் 64 கேபி வரை மொத்தமாகக் கொடுக்கும், 1500 பைட்டாக நறுக்குவது கார்டின் பாடு. இல்லாவிட்டால் நறுக்கலும் செக்சம் கூட்டலும் சிபியு தலையில்.

சரி, இரண்டையும் ஆன் செய்தேன். கோர் அடங்கியது. அப்புறம் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் செக்சத்தை அணைக்க நான் எழுதிவைத்திருந்த அந்தப் பழைய வரியையும் அழித்தேன்.