சைக்கிளை விட்டு இறங்கினதும் வரும் குமட்டல்

நீச்சல் 1.9 கி.மீ., சைக்கிள் 90, ஓட்டம் 21.1. மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் முடிக்கும் அரை தூர டிரையத்லான் பந்தயம் என்றால் இதுதான். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் பயமில்லை. வினையெல்லாம் ஓட ஆரம்பித்ததும்தான்: வயிறு கல்லாய்க் கனக்கும், தெம்புக்காக வழியில் உறிஞ்சும் இனிப்பு ஜெல் பாக்கெட்டைப் பார்த்தாலே குமட்டும்.

சரி என்று, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய்வரும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். குறைந்த எடையோடு வழியில் குடித்ததையும் கூட்டினால், மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை. கறுப்பு ஜெர்சியின் முதுகில் உப்பு கோடுகோடாய்ப் பூத்திருந்தது. குடித்ததோ அதில் பாதிகூட இல்லை. தண்ணீர் போதாமல் இனிப்பு மட்டும் இறங்கினால் அது இரைப்பையிலேயே தேங்கி நிற்கும்.

இப்போது 750 மி.லி. பாட்டிலில் 50 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில். (அம்மா கருப்பட்டி போடச் சொன்னாள், கசடு பாட்டில் மூக்கை அடைத்துக்கொண்டது.) 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச் கத்தும், தாகம் இருக்கோ இல்லையோ நாலு மடக்கு. சைக்கிளில் கடைசி அரை மணி நேரம் திடமாக எதுவும் கிடையாது.

போன பந்தயத்தில் குமட்டல் எட்டிப் பார்க்கவில்லை. முட்டிவலி வந்தது, அது வேறு கதை.