இரவில் நாள்வழி, ஞாயிறன்று பேரேடு

கடைக்கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும், நாள்வழி வேறு, பேரேடு வேறு. அன்றன்று நடந்த வரவும் செலவும் வரிசையாக நாள்வழியில் ஏறும், அப்புறம் அதைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றினால்தான் யார் எவ்வளவு பாக்கி என்பது தெரியும். தினமும் தன்னை அலசிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கிப் பாதியில் விடுகிறவர்களில் பலர் நாள்வழியோடு நின்றுவிடுகிறவர்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் விட்டேன்.

சரி, எப்படிச் செய்வது? சாதாரண நோட்டு ஒன்று போதும். செல்போனில் எழுத வேண்டாம், நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதோடு போச்சு. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும் உட்காருங்கள், பத்து நிமிடம். படுக்கையில் வேண்டாம், ஒன்று தூக்கம் வரும், இல்லை நடந்ததெல்லாம் பெரிதாகத் தெரியும்.

மூன்று கேள்விகள். இன்று எது நன்றாகப் போனது? எங்கே சறுக்கினேன்? நாளைக்கு அதே இடம் வந்தால் என்ன செய்வேன்? இரண்டாவதில்தான் எல்லாரும் தவறுகிறோம். "எனக்குக் கோபம் அதிகம்", "நான் சோம்பேறி" என்று எழுதினால் அது தீர்ப்பு, கணக்கு இல்லை. "காலை எட்டே காலுக்கு டிபன் பாக்ஸ் மூடி கிடைக்கவில்லை, பையனிடம் கத்தினேன், ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருந்தேன்" என்று நேரம், இடம், அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவதற்கும் "இனிமேல் கத்த மாட்டேன்" என்பது பதில் இல்லை. "மூடியையும் டப்பாவையும் இரவே எடுத்து வைப்பேன்" என்பதுதான் பதில்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி ஏழு நாளையும் படித்து, நோட்டின் பின்பக்கத்தில் கோபம், தள்ளிப்போட்ட வேலை, பணம், உடம்பு என்று தலைப்புப் போட்டு ஏற்றுங்கள். பையனின் அலட்சியம்தான் என் கோபத்துக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். நாலு வாரம் ஏற்றிப் பார்த்தால் ஒன்பது முறை கத்தியிருக்கிறேன், அதில் ஏழு முறை முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் படுத்திருக்கிறேன். கோபத்தோடு போராடுவதை விட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தை மாற்றினேன்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பாதீர்கள். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தான் வளர்த்துக்கொள்ள நினைத்த 13 குணங்களை எழுதி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் முழுக் கவனம் வைத்தார், தவறிய நாளில் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நாலு சுற்று. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற தியானப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் அகத்தாய்விலும், அதாவது தன்னைத்தானே ஆராயும் பயிற்சியிலும், எண்ணம், ஆசை, சினம், கவலை என்று தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் பழைய பாக்கியை எழுத உட்காராதீர்கள், அன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள். எழுத எழுதத் தன்மேலேயே வெறுப்பு ஏறி, தூக்கமும் கெடுகிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள், அதற்கு இது மருந்து இல்லை.

இன்னொன்று, நம் கண்ணுக்குப் படாதது நோட்டில் ஏறவே ஏறாது. ஃபிராங்க்ளின் பட்டியலில் முதலில் 12 குணங்கள்தான் இருந்தன, நண்பர் ஒருவர் "உங்களுக்குக் கர்வம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்று சொன்ன பிறகுதான் பணிவு 13-ஆவதாகச் சேர்ந்தது. அதனால் மாதம் ஒருமுறை வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள், பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். நான் மனைவியிடம் கேட்டேன். "நான் பேசும்போது நீங்க பாதியிலேயே எழுந்து போயிடுறீங்க" என்றாள். எட்டு வாரம் எழுதிய நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தில் புதிதாக ஒரு தலைப்புப் போட்டேன்.