ஒரே படம், பத்து மூளை: ஐஎஸ்சி கணக்கிடுவது எப்படி?

ஒரே படத்தைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அவர்கள் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன? இதை அளக்கும் முறைதான் ஐஎஸ்சி (இன்டர்-சப்ஜெக்ட் கோரிலேஷன், அதாவது ஆட்களுக்கு இடையிலான ஒத்திசைவு). 2004-இல் யூரி ஹாசன் குழு 5 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஒரு கௌபாய் படத்தை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டியது. அதற்கப்புறம் பலரும் கையில் எடுத்த முறை இது. நமக்கு ஸ்கேனர் வேண்டாம், தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பைத்தானில் ஃபார் லூப் எழுதத் தெரிந்தால் போதும்.

1. கருவி. கூகுள் கோலாபைத் (பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் இடம்) திறந்து, மூளைப் படங்களை அலசும் பைத்தான் நூலகமான நைலேர்னை நிறுவுங்கள். மேட்லாப் வேண்டவே வேண்டாம்; இந்தச் சின்ன வேலைக்கு யார் லைசென்ஸ் காசு கட்டுவது?

2. தரவு. நைலேர்னிலேயே 'டெவலப்மென்ட் எஃப்எம்ஆர்ஐ' என்ற மூளை ஸ்கேன் தொகுப்பை இறக்கும் கட்டளை இருக்கிறது. 122 குழந்தைகள், 33 பெரியவர்கள். எல்லோரும் பார்த்தது பிக்ஸாரின் 'பார்ட்லி க்ளவுடி' குறும்படம். வசனமே கிடையாது என்பதால் மொழி குறுக்கே வராது. முதலில் பெரியவர்கள் 10 பேரை மட்டும் எடுங்கள்.

3. பகுதி பிரித்தல். மூளையைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடமான ஷேஃபர் அட்லஸ், 100 பகுதி. 400 பகுதி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தொடக்கத்திலேயே கண்ணைக் கட்டிவிடும். ஒவ்வொரு பகுதியின் சராசரி சிக்னலை எடுத்துத் தரும் லேபிள் மாஸ்கரில், தலை அசைவு போன்ற இரைச்சல்களின் பதிவான கன்ஃபவுண்ட்ஸ் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். தலை அசைவின் தடயம் பெருமளவு கழியும். ஆளுக்கு 168 வரிசை, பகுதிக்கு ஒன்றாக 100 நெடுவரிசை வரும். ஒரு வரிசை என்பது 2 விநாடி.

முதல் 5 வரிசை வெறும் கறுப்புத் திரை, அடுத்த 5 டிஸ்னி கோட்டையும் பிக்ஸார் பெயரும். இருட்டிலிருந்து வெளிச்சம் வந்தால் எல்லா மூளையும் ஒன்றாகத்தான் துள்ளும். மூளையின் ரத்த ஓட்டம் உச்சத்துக்குப் போக 5 விநாடி போல ஆகும், ஆகவே இன்னும் மூன்றையும் சேர்த்து 13 வரிசையை வெட்டிவிடுங்கள்.

4. ஒப்பீடு. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவருடைய நெடுவரிசையை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன (கோரிலேஷன்) என்று பார்க்க வேண்டும். 'மற்றவர்கள்' என்றால் அவரை நீக்கிய 9 பேர். பத்துப் பேர் சராசரியை ஒருமுறை போட்டுவிட்டு அதையே எல்லோருக்கும் பயன்படுத்தினால், நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும்; விடை மட்டும் பொய்யாக இருக்கும். சந்தேகமா? மூளைத் தரவுக்குப் பதில் ராண்டம் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களுக்கும் சுமார் 0.32 வரும். பத்தின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் கிடைப்பதும் அதேதான்: ஆள் தன்னோடு தானே ஒத்துப்போகிறார். அவரை நீக்கிவிட்டால் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். உண்மைத் தரவை ஏற்றுமுன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

பத்துப் பேரின் கோரிலேஷன் மதிப்புகளையும் சராசரி எடுக்குமுன், அவற்றைச் சராசரி எடுக்க ஏற்றதாக்கும் ஃபிஷர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் 'ஆர்க்டான்எச்', ஒரே வரி.

5. தற்செயலா? விடை தற்செயலாக வந்திருக்குமா என்று சொல்லும் சாதாரண பி-மதிப்பை நம்ப வேண்டாம். அடுத்தடுத்த வரிசைகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதனால் எல்லாமே முக்கியமானதாகத் தெரியும். ஒவ்வொருவர் தரவையும் நேரத்தில் வெவ்வேறு அளவுக்குச் சுழற்றி (கடைசியில் விழுவதை முன்னால் ஒட்டி), 1000 முறை திரும்பக் கணக்கிட்டு, அதோடு ஒப்பிடுங்கள்.

படமாக வரைந்தால் பின்மண்டையின் பார்வைப் பகுதிகள் பளிச்சென்று நிற்கும், நெற்றிப் பக்கம் மங்கலாக இருக்கும். தலைகீழாக வந்தால் 3-க்குத் திரும்பிப் போங்கள்.

பிற்சேர்க்கை: உடல் அசைவுப் பகுதி ஒன்று பார்வைப் பகுதியாகப் பெயர் மாறி வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நைலேர்னின் சில பதிப்புகளில் பெயர்ப்பட்டியலின் தலையில் 'பேக்ரவுண்ட்' உட்கார்ந்திருக்கும், பெயர்கள் ஒன்று தள்ளிப்போகும். எண்ணிப் பாருங்கள், 101 இருந்தால் முதலாவதைத் தூக்கிவிடுங்கள். பழைய பாடங்களில் மாஸ்கரை 'இன்புட் டேட்டா'விலிருந்து அழைத்திருப்பார்கள். இப்போது அது 'மாஸ்கர்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது.

குழந்தைகளை எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்கிறார்கள். பெரியவர்களின் சராசரியை ஒருமுறை எடுத்து ஒவ்வொரு குழந்தையோடும் ஒப்பிடுங்கள். இங்கே யாரையும் நீக்க வேண்டியதில்லை. வயது கூடவே வரும் அட்டவணையில் இருக்கிறது, 3 முதல் 12 வரை. சின்னப் பிள்ளைகள் தலையை அதிகம் ஆட்டுவார்கள், ஆகவே வயதோடு ஒத்திசைவு கூடுவதாகத் தெரிந்தால் முதலில் அசைவு அளவை வயதோடு வரைந்து பாருங்கள்.